உன் மேசைப் போன்

அன்புள்ள சுமித்ராவுக்கு,

நான் சுகம். உன் தொண்டை வலி குறைந்ததா? கொத்தமல்லித் தண்ணீர்தான் குடிக்கிறாய் என்று உன் ஒபிஸ் கிளாக்கர் கிருஷ்ணகுமார் சொன்னார்.

இங்கே டோஹாவில் போன வாரம் ஒரு கூத்து. எங்கள் மானேஜரின் மேசைப் போன் அடிக்கவே இல்லை. போன் திருத்துகிறவன் நான்தானே, வயரை மாற்றினேன், பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் பார்த்தால், அவர் லீவில் போனபோது அவருடைய அழைப்புகளைக் கணக்காளரின் மேசைக்குத் திருப்பிவிட்டவர்கள், அதை மாற்ற மறந்துவிட்டார்கள். மானேஜரின் மனைவியோடும் கணக்காளர்தான் பேசிக்கொண்டிருந்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லயத்து வீட்டில் சிக்னல் இல்லை என்றுதானே நீ வேலை செய்யும் தோட்ட ஒபிசுக்குக் கோல் எடுக்கிறேன்? உன் மேசை நம்பரைத்தான் அழுத்துகிறேன். ஒவ்வொரு தடவையும் கிளாக்கரின் குரல்தான் வருகிறது. "சுமி இப்பதான் டீ குடிக்கப் போனாங்க. என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிர்றேன்." உன்னைச் சுமி என்று கூப்பிடுவது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கோயில் திருவிழாவுக்கு நீ லீவு போட்டபோது உன் போனையும் அவர் மேசைக்குத் திருப்பியிருப்பார்கள். ரிசீவரைத் தூக்கி, ஹேஷ், இரண்டு, ஒன்று, மறுபடி ஹேஷ் என்று அழுத்து. சரியாகிவிடும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மாவனல்லை றினாஸ் திரும்பி வரும்போது, மாசிச் சம்பலும் ஒரு தலையணை உறையும் கொடுத்துவிடு. புதிது வேண்டாம், நீ பாவிப்பதே போதும்.

றினாஸ் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை எடுப்பேன். அப்போதும் கிளாக்கரே பேசினால், கோளாறு போனில் இல்லை.

உன்
லோகேஸ்