போர்டிகோ வேண்டாம்

ஷார்ஜா

அன்புள்ள செல்விக்கு,

நீயும் நம் பிள்ளை ரம்யாவும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். வீட்டு பிளானில் நான் பென்சிலால் திருத்தியிருப்பதைப் போனில் விளக்க முடியாது. அதனால் லீவில் ஊருக்கு வரும் செந்தூர்வேல் அண்ணாச்சியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வெள்ளிக்கிழமை குடோன் முற்றத்தில் நம் வீட்டை முழு அளவில் சாக்பீஸால் வரைந்தேன். அண்ணாச்சி கோடுகளைத் தாண்டி நேரே அடுப்படிக்குள் வந்து நின்றார். “அண்ணாச்சி, செவுத்துக்குள்ள நடந்து வாரியளே, வாசல் அங்கன இருக்கு” என்றேன். மனுஷர் சிரித்துக்கொண்டே சுற்றிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வழியாக வந்தார்.

அவர் போன பிறகு ஒவ்வொரு அறையிலும் நின்று பார்த்தேன். எஸ்டிமேட்டை நீ லட்சத்தில் பார்க்கிறாய். எனக்கு அது நான் இங்கே இருக்க வேண்டிய மாதங்களாகத்தான் தெரிகிறது. அடுப்படி எட்டு மாதம். கார் நிறுத்த வேண்டும் என்று உன் அண்ணன் சேர்க்கச் சொன்ன போர்டிகோ ஐந்து மாதம். அதைக் காலாலேயே அழித்துவிட்டேன்.

தண்ணீரில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. “கலவைக்கு போர் தண்ணியே போதும்” என்று கொத்தனார் சொல்லுவார். நம் குலசேகரன்பட்டினத்து உப்புத் தண்ணீரில் கம்பி துருப்பிடித்துவிடும். நல்ல தண்ணீர் லாரிக்காக ஒரு மாதம் கூடுதலாக இருக்கச் சம்மதம்.

அடுப்படி மேடைக்காக, தரையிலிருந்து உன் இடுப்பு எத்தனை அங்குலம் என்று அளந்து சொல். அப்படியே ரம்யாவின் உயரத்தையும் சொல்.

அண்ணாச்சி பெட்டியைக் கட்டிவிட்டார், முடிக்கிறேன். கார் எங்கே நிற்கும் என்று உன் அண்ணன் கேட்டால், “அவுக அஞ்சு மாசம் முந்தியே பஸ்ல வந்து எறங்கிருவாக” என்று சொல்.

லிங்கராஜ்