தீப்பெட்டிக்குள் நாலு ஜெட்

5.4.1998, குருத்தோலை ஞாயிறு
கொழும்புப் பந்தயக்காரன் மிலானின் பைக் லொறியில் என் ஹட்டன் கராஜுக்கு வந்தது. யப்பான் நானூறு சீசீ, நாலு சிலிண்டர், பதினாலாயிரம் சுற்று வரை கத்தும் எஞ்சின். பதினெட்டாம் திகதி நுவரெலியாவில் மலையேற்றப் பந்தயம். மேலே போனால் இருமுகிறதாம். பிளக் நாலும் கரி.

"மேல காத்து மெலிசுங்க. பெற்றோல் கூடிப்போவுது. காபரேட்டர்ல பெற்றோல் விடுற ஜெட்ட மாத்தணும்" என்றேன்.

மிலான் சிரித்தான். "கொழுந்து அரைக்கிற மெஷின் பாத்தவரு நீங்க. என் மெக்கானிக் சிங்கப்பூர்ல படிச்சவரு. கரண்ட் குடுக்கிற கொயில்தான் கோளாறுன்னு சொல்றாரு."

ஆமாம், பதினாறு வருஷம் தேயிலை பாக்டரியில் அந்த மெஷினோடுதான் கிடந்தேன். அதனால் என்ன?

8.4
கொயில் மாற்றியும் இருமல் நிற்கவில்லை. "சரி, நீங்க சொன்னதையே செய்ங்க" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

10.4, பெரிய வெள்ளி
என் மனைவி ஐவி சிலுவைப்பாதைக்குத் தனியாகப் போனாள். நான் சின்ன ஜெட் நாலு போட்டேன். பழைய நாலும் தீப்பெட்டிக்குள். கீழே கொழும்புக்கு இறங்குமுன் அவற்றைத் திரும்பப் போட வேண்டும். அங்கே காற்று கனம். சின்ன ஜெட்டோடு முறுக்கினால் பெற்றோல் போதாமல் பிஸ்டன் உருகிவிடும். மிலானிடம் சொல்லவில்லை. லொறி எப்படியும் இந்த வழியாகத்தானே வரும்.

18.4
ஜெயித்துவிட்டான். மைக்கில் சிங்கப்பூர்க்காரருக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கிரீஸ் கையோடு நான் நிற்கிறேன். ஒரு பார்வைகூட இல்லை. மனுஷனா இவன்?

19.4
"ஜெட்டு விசயத்த சொல்லிட்டீங்களா?" என்று ஐவி கேட்டாள். நாளைக்கு வருவான்ல, வரட்டும் என்றேன்.

20.4
லொறி வரவில்லை. காலை பத்து மணிக்கு மிலானே பைக்கை ஓட்டிக்கொண்டு கராஜைத் தாண்டிப் போனான். ஹோர்ன் அடித்துக் கையாட்டினான். நான் வாசலிலேயே நின்றேன். கத்தியிருக்கலாம். இறங்கும் வழியில் கினிகத்தேனையில் தெரிந்த கடைக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லியிருக்கலாம் — போன் மேசையில்தான் இருந்தது. சிங்கப்பூர்க்காரன் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குத்தான் போனை எடுத்தேன். "அந்த பைக்கு எப்பவோ போயிருச்சே" என்றார் கடைக்காரர்.

21.4
கித்துல்கலைக்குக் கீழே எஞ்சின் இறுகிப் பின் சில்லு சுழலாமல் பூட்டிக்கொண்டதாம். மிலானுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிவு.

27.4
எஞ்சினைப் பிரித்துவிட்டார்களாம். மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை. 'ஹட்டன் றோலண்ட் போட்ட ஜெட்' என்று அந்த சிங்கப்பூர் மெக்கானிக் கொழும்பு முழுக்கச் சொல்கிறானாம். ஜெயித்ததும் அதே ஜெட்டில்தானேடா! அன்றைக்கு என் பெயர் யார் வாயிலும் வரவில்லையே.

ஆனால் அவன் சொல்வது பொய்யில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

2.5
ஐவியின் தொல்லை தாங்காமல் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தீப்பெட்டியைக் கொடுத்தேன், விசயத்தைச் சொன்னேன். மிலான் நாலு ஜெட்டையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான். கோபப்படுவான், மைக்கில் ஏன் என் பெயர் இல்லை என்று நானும் பதிலுக்குக் கேட்கலாம் என்று வந்திருந்தேன்.

"நான் போறப்ப நீங்க வாசல்லதானே நின்னீங்க?" என்றான்.

ஆமாங்க என்றேன்.