உன் குறிப்புகளில் இருந்த ‘தெரியாது’

போன திங்கட்கிழமை காலை, உன் சொல் ஒன்று என் திரையில் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டுக் கிடந்தது. நம் குறிப்புகளில் யார் எதை மாற்றினாலும் பழையது சிவப்பிலும் புதியது பச்சையிலும் தெரியும், உனக்கு நினைவிருக்கும். சிவப்பில் இருந்த மூன்று வாக்கியங்களில் முதலாவது ‘தெரியாது’ என்று முடிந்தது. பக்கத்தில் பச்சையில், ‘கடைசி அளவீடு தானாகவே சேமிக்கப்படும். அடுத்த மாதிரியை வைத்துத் தொடரலாம்’ என்று பிழையில்லாத இரண்டு வாக்கியங்கள். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உன் கையெழுத்தில் என்னிடம் எதுவும் இல்லை, எல்லாம் தட்டச்சுதான். ஆனாலும் அந்தச் சொல்லை எழுதியது யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதைத் திறந்து பார்க்க வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. பரிசோதனைக் கூடங்களுக்கான நம் மென்பொருளை வாங்கிய சைதாப்பேட்டைக் கூடம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

“மேடம், கரண்ட் போய்ட்டு வந்துச்சு. உங்க உதவிப் பக்கத்துல தானா சேவ் ஆயிடும், அடுத்த சாம்பிள் போடுன்னு கீது. போட்டேன். இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே சுகர் காட்டுது மேடம்.”

“ரிப்போர்ட் குடுத்துட்டீங்களா?”

“இல்ல. ஒருத்தரு வயசானவரு, இன்னொன்னு ஸ்கூல் போற பொண்ணு. பாயிண்ட்டுக்குப் பாயிண்ட் ஒன்னாவா இருக்கும்? அதான் நிறுத்தி வெச்சிக்கினு உங்களுக்கு அடிச்சேன்.”

சிவப்பில் இருந்ததை அவளுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். ‘மின்சாரம் போன நேரத்தில் கருவியில் இருந்த மாதிரியின் அளவீடு என்ன ஆகிறது என்பது தெரியாது. அது தெரியும்வரை, அந்த மாதிரியை மறுபடி வைக்கவும். கருவி விற்றவரின் பொறியாளரைக் கேட்கவும்.’ அவள் இரண்டையும் மறுபடி போட்டாள். பெரியவருக்கு அளவு ஏறியிருந்தது, பெண்ணுக்கு ஒன்றுமில்லை. “மொதல்லயே இத்த எழுதிக்கக்கூடாதா மேடம்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். முதலில் அதைத்தான் எழுதியிருந்தாய்.

நீ இருந்தபோது இது வந்திருக்கவில்லை, அதனால் சொல்கிறேன். கேள்வி கேட்டால் பதில் எழுதும் இயந்திரத்தோடு நீ மல்லுக்கட்டிப் பார்த்தாய். இப்போது அது ஏஜென்ட் ஆகிவிட்டது. சொல்லிவிட்டுப் போனால் போதும், தானே குறிப்புகளைத் திறக்கும், ஒப்பிடும், திருத்தும், அடுக்கும். ஆனால் நம் அலுவலகத்தின் வழக்கம் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரிதான் வந்து நிற்கும். அதனால் ஒரு வகை வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு முறை எழுதி வைத்துவிடுகிறோம். அதற்கு ஸ்கில் என்று பெயர். பழைய குறிப்பைப் புதுப்பிக்க ஒன்று, ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் சேர்க்க ஒன்று. அந்த வேலை வரும்போதெல்லாம் எந்த ஏஜென்டும் அதை எடுத்துப் படித்துக்கொண்டு அதன்படி நடக்கும். ஒரு வரி எழுதினால் அது ஆயிரம் குறிப்புகளில் போய் வேலை செய்யும். நல்ல வரியும் அப்படித்தான், கெட்ட வரியும் அப்படித்தான்.

எங்கள் ஸ்கில்லில் ஒரு வரி இருந்தது: ‘அரைகுறையாக உள்ள குறிப்புகளை நிறைவு செய்யவும்.’ படிக்கும்போது யாருக்கும் உறுத்தவில்லை. ஏஜென்ட் அதற்குக் கீழ்ப்படிந்து உன் ‘தெரியாது’க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் தொகுப்புதான் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மீதி எல்லாவற்றிலும் அதை ஓட்டுவதாக ஏற்பாடு. நான் ஒன்றும் செய்யாவிட்டால் நீ தெரியாது என்று எழுதிய இடமெல்லாம் அந்த வாரத்துக்குள் பச்சையாகிவிடும்.

அந்தச் சொல்லுக்காக நீ போட்ட சண்டை எனக்கு மறக்காது. திருமயிலையில் நான் பறக்கும் ரயில் ஏறி உனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பேன். மந்தைவெளியில் நீ ஏறுவாய். ஒரு நாள் ஏறியதுமே, “இன்னா மயிலாப்பூரு, இன்னிக்கு என்னிய வேலைய விட்டுத் தூக்கப்போறாங்கோ, கூட வந்து நில்லு” என்றாய். என் பேட்டையையே எனக்குப் பெயராக வைத்திருந்தாய். விஷயம் அந்தக் குறிப்புதான். கூட்டத்தில் நம் அப்போதைய மேலாளர் அதைத் திரையில் போட்டுக் காட்டினார்.

“கஸ்டமர் படிக்கிறதுல போய் யாராவது தெரியாதுன்னு எழுதுவாங்களாம்மா? கம்பெனி மானம் என்ன ஆகும்?”

“தெரியாத எடத்த சும்மா வுட்டா தெரிஞ்ச மாதிரி ஆயிடும் சார். படிக்கிறவன் அவனா ஒன்னு நெனச்சிக்குவான்.”

“அப்ப தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க.”

“அதான் சார், யாரக் கேக்கணும்னு எழுதிக்கீறேன். அதுவரைக்கும் இன்னா பண்ணணும்னும் எழுதிக்கீறேன். மூணும் சேந்துதான் சார் அது.”

அவர் சிரித்துவிட்டார், குறிப்பும் தப்பித்தது. திரும்பும்போது கோட்டூர்புரம் பாலத்தில் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு எனக்கு விளக்கினாய். வெறுமனே தெரியாது என்று எழுதினால் சோம்பேறித்தனம், மற்ற இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் வேலை. நான் எழுதுவதை நீ விட்டுவைத்ததே இல்லை. “உன் வாக்கியம் பட்டுப்பொடவ கட்டிக்கினு ஜம்முனு வருது. எங்கடி போறன்னு கேட்டா முழிக்குது.” அன்று எனக்குக் கோபம். பச்சையில் இருந்த இரண்டு வாக்கியங்களைப் பார்த்தபோது நீ சொன்னது சரியாகப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை கார்த்திக்கிடம் போய் நின்றேன். ஏஜென்ட் வேலைகளை எங்களுக்குப் பார்த்துத் தருகிறவன், உன்னைப் பார்த்ததில்லை. நல்ல பையன், பொறுமையாகக் கேட்டான்.

“புரியுது மேடம். ஆனா வெள்ளிக்கிழமை கஸ்டமருங்களுக்கு டெமோ. கேள்வி கேட்டா ஏஜென்ட் இந்தக் குறிப்பப் பாத்துத் தெரியாதுன்னு சொல்லிட்டு நிக்கும். பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“மானம் போயிடும்னுதானே சொல்ல வர?”

“அப்படின்னு இல்ல...”

“சைதாப்பேட்டைல ரெண்டு பேருக்கு ஒரே ரிப்போர்ட் போயிருந்தா?”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். வேலை சுலபமாக முடியவில்லை. முதலில் ‘தெரியாததைத் தெரியாது என்று எழுதவும்’ என்று சேர்த்தோம். சோதித்துப் பார்த்தால் ஏஜென்ட் பயந்துபோய்விட்டது. கருவியை எங்கே அணைப்பது என்ற குறிப்பில்கூட, தெரியாது, பொறியாளரைக் கேட்கவும் என்று எழுதியிருந்தது. கார்த்திக் தலையில் கை வைத்துக்கொண்டு, “மேடம், இது கவர்மெண்ட் ஆபீஸ் கவுண்டர் மாதிரி ஆயிடுச்சு” என்றான். நீ இருந்திருந்தால் சாயந்திரம் வரைக்கும் சிரித்திருப்பாய். எனக்கும் சிரிப்பு வந்தது. நீ இல்லாமல் அந்த அலுவலகத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகுதான் தோன்றியது.

மறுபடி மறுபடி எழுதிக் கடைசியில் நின்றது இதுதான்: ‘ஒருவர் தெரியாது என்று எழுதியிருந்தால் அது காலி இடம் அல்ல, குறிப்பு. அதை நிரப்பாதே. அதுவரை செய்ய வேண்டியதையும் கேட்க வேண்டிய ஆளையும் அதிலிருந்து பிரிக்காதே. விடை தெரிந்த ஒருவர் எப்படித் தெரியும் என்பதோடு வந்து சொன்னால் மட்டும் மாற்று.’ முதல் தொகுப்பைப் பழையபடிக்கு மாற்றிவிட்டு, கார்த்திக் மறுபடி எல்லாவற்றிலும் ஓட்டினான். உன் குறிப்புகள் வரிசையாகத் திரையில் ஓடின. எழுத்துப் பிழைகள் திருந்தின, பழைய படங்கள் போயின, நீ இரண்டு இடத்தில் எழுதியவை ஒன்றாயின. தெரியாது என்று நீ எழுதிய ஒவ்வொரு இடத்தையும் அது தொட்டுப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தது. வெள்ளிக்கிழமை டெமோவுக்கு வந்தவர்களில் ஒருவர் வேண்டுமென்றே மின்சாரம் போவதைப் பற்றிக் கேட்டார். அது உன் மூன்று வாக்கியங்களையும் சொன்னது. அவர் எழுதிக்கொண்டார். கார்த்திக் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவன் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அன்று வீடு திரும்பும்போது உன் மருத்துவமனை அறைதான் நினைவில் இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் உன்னிடம் ஒன்றையே சொன்னார்கள். ஒன்றும் ஆகாது, அடுத்த மாதம் வேலைக்குப் போய்விடுவாய். எல்லோரும் போனபிறகு என் பக்கம் திரும்பினாய்.

“மயிலாப்பூரு, நான் பொழைப்பனா?”

“தெரியாதுடி.”

“அப்பாடா” என்றாய். பிறகு, “அதுவரைக்கும் இன்னா பண்றது?”

“இட்லி ஆறுது. சாப்பிடு.”

சட்னி சரியில்லை என்று திட்டிக்கொண்டே இரண்டு சாப்பிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கம் போனேன். மாதம் ஒருமுறை போகிறேன். உன் அம்மா மீன் விற்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் நான் வரும் நாளில் எங்கிருந்தாவது இறால் வாங்கி வைத்துவிடுவார். சைவக்காரியைக் கெடுத்தது என் பெண்தான் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வார். உரித்துக்கொண்டே இருந்தவர் நிமிராமல் கேட்டார்.

“கண்ணு, கடைசீல அவ என்னியத் தேடினாளா?”

அந்த இரவு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் அம்மாவும் நானும்தான் உட்கார்ந்திருந்தோம். உள்ளே விடவில்லை. கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா கேட்டதும் ஒரு பதில் என் வாய்வரை வந்துவிட்டது. தேடினாம்மா, உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தாளாம். ஒரு குறையுமில்லாத வாக்கியம். யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு தாய்க்குச் சொல்லக் கூடாதா? ஒரு வாரமாக இயந்திரத்துக்கு நான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது இந்த வாக்கியத்துக்கு எதிராகத்தான் என்று அப்போது தெரிந்தது. அதை எழுதியதைவிட இதைச் சொல்லாமல் இருப்பது கடினமாக இருந்தது. இறால் உரிக்கும் ஒரு தாயின் கையைப் பார்த்துக்கொண்டு இயந்திரம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

“தெரியாதும்மா” என்றேன். “நாம ரெண்டு பேரும் வெளியதான இருந்தோம்.”

அம்மாவின் கை நின்றது. நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

“அல்லாரும் தேடினா தேடினான்றாங்கோ” என்றார். “மாதா கோயில்ல சிஸ்டரு சொல்லுது, எம் பெரிய பையன் சொல்றான், எதுத்த வூட்டுக்காரி சொல்றா. ஒர்த்தரும் உள்ள இல்ல. நான் ஒர்த்திதான் ஒன்னுந் தெரியாம கெடக்கறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உனுக்கும் தெரியாதா.”

“எனக்கும் தெரியாதும்மா.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது போலவே இருந்தது, ஆனால் அந்தப் பயம் இல்லை. பிறகு அவரே கேட்டார்.

“அன்னிக்கு ராத்திரி உள்ள ஒரு நர்ஸு பொண்ணு இருந்துச்சே, கண்ணாடி போட்டுக்கினு. அது இன்னும் அங்கயே இருக்குதா?”

விசாரித்தேன். இருக்கிறாராம், வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டிருக்கிறேன். அம்மாவும் வருகிறார். எத்தனையோ பேரைப் பார்க்கிறவருக்கு உன்னை நினைவிருக்குமா, இருந்தால் என்ன சொல்வார், அதை அம்மா எப்படித் தாங்குவார், எதுவும் எனக்குத் தெரியாது. அவர் எதைச் சொன்னாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வேன். ஒன்றும் சொல்ல முடியாது என்றாலும் சரி. அதில் என் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன்.