ஐஸ்கிரீம் பெட்டியில் வந்த கூடு

அப்பாவுக்கு,

தோட்டத்துக் கொட்டிலில் நீங்கள் கண்டெடுத்த, உரோமம் அடர்ந்த பம்பிள் தேனீயின் கூடு, அம்மா கொண்டுவந்த ஐஸ்கிரீம் பெட்டியில் பத்திரமாக வந்தது. மூடியில் காற்றுக்குத் துளையும் போட்டிருந்தீர்கள்.

"டாக்டர் படிப்பை விட்டிட்டு ஈ ஆராயப் போன ஈக்காரியோட அப்பா கதைக்க மாட்டாராம். ஆனா பெட்டியை ஆட்டாமக் கொண்டுபோகட்டாம்" என்று அம்மா சிரித்தா.

கூட்டிலிருந்த புழுக்கள் ஈயாகும்வரை காத்திருந்தேன். இரண்டு இனம் வந்தது. சாம்பல்நிற ஈயின் புழு தேனீக் குஞ்சுகளைத் தின்னும். அது ஒட்டுண்ணிதான். மற்றது தேனீ போலவே உரோமம் உள்ள ஈ. அதன் புழு பெரும்பாலும் கூட்டின் அடியில் சேரும் கழிவைத்தான் தின்னும். அருங்காட்சியகத்தில் என்னோடு வேலை செய்யும் மஸ் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒட்டுண்ணி என்று எழுதிவிட்டான்.

"வெளியில இருந்து வந்து கூட்டுக்குள்ள இருக்கிறதெல்லாம் அதுதானே" என்றான்.

கத்திவிட்டேன். டிவியில் எவனாவது இந்த நாட்டுக்குக் குடியேறி வந்த எங்களை அந்தச் சொல்லால் சொன்னால், இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரிக் கழிவறை கழுவும் நீங்கள் சத்தத்தைக் குறைப்பீர்கள். எனக்கு அது வராது. மஸ் தட்டை மாற்றினான்.

ஊசியில் குத்திய ஒவ்வொரு ஈக்குக் கீழும், கண்டெடுத்தவரின் பெயர் எழுத வேண்டும். உங்கள் வேலையிடத்து அட்டையில் அவர்கள் வாய்க்கு வசதியாகச் சுருக்கிய அரைப்பெயரை நான் எழுதவில்லை. முழுப்பெயரையும் எழுதினேன். அந்தச் சின்னத் தாளில் இரண்டு வரி பிடித்தது.

பெட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் கொடுத்துவிட மாட்டேன். நீங்களே வந்து எடுங்கள்.

உங்கள்
ஈக்காரி