சீனியம்மாள் வீட்டுக்கு விசாரணை வந்த நாள்

எர்ணாவூர்,
ஞாயிறு மதியம்

அன்புத் தம்பி ஜெயவேலுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்வது மரியாதை. இரண்டு வருடமாக நான் சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகும் முறுக்குச் சங்கிலி கவரிங். போன வியாழக்கிழமை தாலுகா ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்று, "சார், அது தங்கமே இல்ல சார், கவரிங் சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பினால் பின்னால் நிற்பது எங்கள் பாடகர் குழு ரெஜினா. அன்று விளக்கு வைப்பதற்குள் செய்தி எண்ணூர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. உன் அத்தான் தேவப்பிரியத்துக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைக்குச் சோப்பு வாங்க வந்தவர்களே துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நான் ஏன் அங்கே போய்க் கத்தினேன் என்றால், உன் அம்மா சீனியம்மாளின் முதியோர் பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்த வைத்தது சாட்சாத் உன் சுகிர்தம் அக்காவாகிய நானேதான்.

போனில் சொல்லியிருப்பேன். உன் நம்பர் இரண்டும் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் தேன் ஒழுகச் சொல்கிறாள். அவளோடு சண்டை போட முடியாது. அதனால் உன் மகள் காதுகுத்துப் பத்திரிகையிலிருந்து திருப்பூர் விலாசத்தை எடுத்தேன். பத்திரிகை இங்கே வந்து சேரும்போது குழந்தையின் காதே ஆறியிருக்கும். பரவாயில்லை, விலாசத்துக்காவது உதவியது.

நடந்தது இதுதான். இந்தப் பென்ஷன் வசதி இல்லாதவர்களுக்கு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கு என்று உனக்குத் தெரியும். கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? அவ்வப்போது ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். ஏழை இன்னும் ஏழையாக இருக்கிறாளா, இல்லை நடுவில் ரகசியமாகப் பணக்காரியாகிவிட்டாளா? எழுபத்து மூன்று வயதுக்காரிக்கு வயது குறைந்துவிட்டதா? யாரும் பார்த்துக்கொள்ளாதவளை இன்னமும் யாரும் பார்த்துக்கொள்ளவில்லையா? அதைக் கேட்க ஒரு ஆள், அவருக்கு ஒரு பைக், பைக்குக்குப் பெட்ரோல்! எனக்கு வாயில் வரும் வார்த்தையை ஞாயிற்றுக்கிழமையில் எழுதக் கூடாது.

இந்த முறை புதிதாக ஒருவர் வருகிறார் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. உன் அம்மா வீட்டில் ஒரு பாய், ஒரு ஸ்டவ், கொஞ்சம் பாத்திரம். அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். மூளை உள்ளவர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். எதிர் வீட்டு அஜீசுன்னிசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாக்கா, கெவர்மெண்ட்டு ஆளு வர்றாரு, குந்த ஒரு சேரு கூட இல்லாம கலீஜா கீது வூடு. நம்ம பிளாக்கைப் பத்தி இன்னா நெனைப்பாரு?" என்றாள். அவ்வளவுதான், எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆக்கிவிட்டோம், தம்பி. அஜீசுன்னிசா வீட்டு டேபிள் ஃபேன் வந்தது. எங்கள் கடையிலிருந்து இரண்டு நல்ல நாற்காலிகள் மூன்று மாடி ஏறின. கீழ்வீட்டு மதி அவள் கல்யாணச் சீர் போர்வையைக் கொண்டுவந்து பாயை மறைத்தாள். கண்ணாடி டம்ளரில் ரோஸ்மில்க் கலந்து வைத்தோம். உன் அம்மா, "எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்" என்று சொல்லச் சொல்ல, "வெறுங்கழுத்தோட நிக்காதீங்க, பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க" என்று என் சங்கிலியைக் கழற்றி மாட்டிவிட்டேன். வறுமையைப் பார்க்க வருகிறவருக்கு வறுமையை ஒளித்து வைத்து மரியாதை செய்த ஒரே கூட்டம் இந்த ஊரில் நாங்களாகத்தான் இருப்போம்.

பிறகு கடைக்குச் சரக்கு வண்டி வந்துவிட்டது. இறங்கிப் போனேன். நான் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது, "வந்துட்டுப் பூட்டாராம்க்கா" என்று அஜீசுன்னிசா மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். ரோஸ்மில்க்கை மதியின் பிள்ளைகள் குடித்துவிட்டன. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம், பென்ஷன் பணம் கொடுக்கக் கைரேகை மிஷினோடு வரும் பெண், உன் அம்மாவின் விரலை மூன்று முறை துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, உங்களுக்கு எதுவும் ஏறல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குத்தான் ஆபீசுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஷாகுல் ஹமீது என்று ஒரு பெரியவர். விசாரணைக்கு வந்த அன்று அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். வீட்டில் ஆள் இல்லை என்றதும் செத்துவிட்டதாக எழுதிவிட்டார்களாம். "உசுரோட கீறேன்னு காட்ட வந்தா, நாளிக்கு வான்றாம்மா. நாளிக்கு வரைக்கும் கீறேனோ இல்லியோ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஈரத்துணி மாதிரி சுருங்கிக் கிடந்தது.

ஜன்னலுக்குள் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்து, "விசாரணையில தகுதி இல்லைன்னு வந்திருக்கும்மா. திரும்ப மனு குடுங்க, திரும்ப விசாரணைக்கு வருவாங்க" என்றான். எவ்வளவு நாள் ஆகும் என்றால், சொல்ல முடியாதாம். நிறுத்துவதற்கு மட்டும் ஒரே நாள்! அப்போதுதான் நாற்காலி இரவல், ஃபேன் இரவல், சங்கிலி கவரிங் என்று ஒப்பித்தேன். ஒன்றுமே புரியாதவன் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடிப்பு!

இனி நான் எழுதப் போவதைக் கொஞ்சம் கவனமாகப் படி. அரிசி ரேஷனில் வந்துவிடுகிறது. குழம்பு யார் வீட்டிலிருந்தாவது வரும். உன் அம்மாவுக்கு அந்தப் பணம் முக்கியமாகக் கண் சொட்டு மருந்துக்கு. ஆஸ்பத்திரியில் அது ஒரு மாதம் இருந்தால் மூன்று மாதம் இருப்பதில்லை, வெளியில்தான் வாங்க வேண்டும். நிறுத்தினால் போகிற பார்வை திரும்பி வராது என்று டாக்டரம்மா என் எதிரிலேயே சொன்னார். மருந்துக் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அடுத்ததை வாங்க விடமாட்டேன் என்கிறார்கள் அம்மா. முந்தாநாள்தான் கவனித்தேன், வலது கண்ணுக்கு மட்டும் விட்டுக்கொள்கிறார்கள். இடது கண் எப்படியும் மங்கல்தானாம், அதற்கு விடுவது வீணாம். எந்தக் கண்ணை வைத்துக்கொள்வது என்று ஒரு மனுஷி தனியாக உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறாள், ஜெயவேல்.

உனக்கும் வாடகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் இருக்கும். நான் அதற்குள் வரவில்லை. அந்தச் சொட்டு மருந்தை மட்டும் மாதம் பிறந்தால் வாங்கி அனுப்பு. மருந்தின் பெயரைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். என் கடை விலாசத்துக்கே அனுப்பு. அம்மா பெயருக்கு வந்தால் மகன் பார்த்துக்கொள்கிறான் என்று எழுதி, திரும்பக் கொடுக்கிற மனுவையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம். ஆண்டவர் உன் கண்ணைக் கடைசிவரை தெளிவாக வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
சுகிர்தம் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மேலே போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். காரமான இடங்களை விட்டுவிட்டுத்தான் படித்தேன். நாற்காலி, ஃபேன் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அவரு மேலயே ஏறலியேட்டி" என்றார்கள். வருகிறவரை மூன்று மாடி ஏற வைக்கக் கூடாது என்று இவர்களே இறங்கிப் போயிருக்கிறார்கள். சேலைத் தலைப்பு போர்த்தியிருந்ததில் சங்கிலி கூட வெளியில் தெரியவில்லையாம். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று மட்டும் அவர் படிக்கட்டில் நின்றே கேட்டாராம்.

"எம்புள்ள மாசாமாசம் அனுப்புதான், எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொன்னேன். இல்லன்னு சொன்னா அந்த மனுசன் நம்ம ஜெயவேலைப் பத்தி என்ன நெனப்பாரு?"

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னார்கள்.