வண்டல் பாறைக்கு அடியில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

எங்கள் பிரசவ வார்டுக்குத் தண்ணீர் தந்த ஊற்று நின்றுவிட்டது. பதினெட்டு நாள் ஆகிறது. லாரித் தண்ணீர் வரும்வரை குழந்தை பெற்றவளின் துணியைக்கூட அலச முடியவில்லை. நேற்று ஒரு பெண்ணின் புருஷன் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து என்னிடம், "சிஸ்டர், ஊத்து எப்படி திடீர்னு நின்னுச்சு?" என்று கேட்டான். தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும்.

மேட்டில் புதிதாகக் கட்டும் குடியிருப்புக்கு போர் போட்டது உன் அப்பாதான். நூற்றுப் பத்து அடியில் மாவு போல சாம்பல் தூள் வந்ததாம். வண்டல் இறுகிக் கல்லான பாறை அது, மேலே ஊறும் மழைநீரைக் கீழே விடாமல் தாங்கி, சரிவில் ஊற்றாக வெளியே தள்ளுகிறது, அதைத் துளைத்துவிடாதீர்கள் என்று, அங்கே போர் போடும் பேச்சு வந்த இரண்டு வருஷத்துக்கு முன்பே நீ தலைதலையாய் அடித்துக்கொண்டாய். "கல்லைப் படிச்சவ கல்லைப் பாக்கட்டும், தண்ணிய நான் பாத்துக்கறேன்"னு அவர் சொன்னதும், நீ பெட்டியைத் தூக்கியதும் எனக்கு மறக்குமா?

கட்டடக்காரர் இன்னும் இருபது அடி போகச் சொன்னாராம். இவரும் போனார். திடீரென்று துளைக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் எல்லோரும் கை தட்டினார்களாம். இவர் மட்டும் தட்டவில்லை. தண்ணீர் மேலே வரவில்லை. அடியில் இருந்த வெடிப்புப் பாறை அத்தனையையும் விழுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஊற்று வற்றியது.

அன்றிலிருந்து மனுஷருக்குத் தட்டில் போட்டது அப்படியே இருக்கும். முந்தாநாள் சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீர் அலுவலகத்துக்குப் போய், "நான்தான் உடைச்சேன்" என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டார். இப்போது போர் மெஷினுக்கு சீல் வைத்துவிட்டார்கள். தெருவில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆனால் அன்றைக்குத்தான் பாதி சோறாவது சாப்பிட்டார்.

அந்தப் பாறை இருக்கும் ஆழத்தில் சிமென்ட் இறக்கி அடைத்துப் பார்க்கலாமாம். ஊற்று திரும்புமென்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். பாறை எந்த அடியில் தொடங்கி எந்த அடியில் முடிகிறது என்று சரியாகத் தெரிய வேண்டும் என்று இன்ஜினியர் கேட்டிருக்கிறார். படிக்கும்போது அந்தச் சரிவு முழுக்க அளந்தவள் நீ. "என் பொண்ணுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் உன் பேச்சு.

அவர் கூப்பிடமாட்டார். நான் கூப்பிடுகிறேன். அவரோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. பாறையைப் பார்க்க வந்ததாகவே இருக்கட்டும். எங்கிருந்தாலும் நன்றாக இரு, கண்ணே.

உறையின் மேல் உன் முகவரியை எழுதியது அவர்தான். எதையும் பார்த்து எழுதவில்லை.

உன் அம்மா