டத்தோ கையில் முன்பாய்க் கயிறு

ஆயர் ஈத்தாம் அருகே டயர் பஞ்சராகிவிட்டது. ஸ்பேர் டயரை எடுக்கக் காரின் பின்பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த அழுக்குத் துணியை இழுத்ததும் அந்த வாடை வந்தது. உப்பும் பூஞ்சணமும் கொஞ்சம் டீசலும் கலந்த, நம் ஜொகூர் நீரிணையின் வாடை. துணிக்கு அடியில் உன் படகின் முன்பாய்க் கயிறு, முன்பக்கப் பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு, சுருண்டு கிடந்தது. காயவைத்துத் தருகிறேன் என்று உன்னிடம் வாங்கி வந்து நான் மறந்துபோனது. பூச்சட்டிக் கடை வாசலில், ஒரு பீங்கான் தவளைக்குப் பக்கத்தில், கயிறும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, "காரை இழுக்கணுமாண்ணே?" என்று கேட்டார் கடைக்கார அம்மா. இழுக்க வேண்டியது காரை இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கோலாலம்பூரில் தேசியப் பாய்மரச் சங்கத்தின் கூட்டம் முடிந்து வந்துகொண்டிருந்தேன். இரண்டு உடலைச் சேர்த்துக் கட்டிய இரட்டைப் படகுகளின் பிரிவுக்குப் பிரதிநிதி இப்போது நான்தான். சிரிக்காதே, நீ செய்த வேலைதான் இது. மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது சொன்னாய்: "என் எடத்துல நீ உக்காருடா. நீ உக்காந்தா பக்கத்துலகூட வேற யாரும் உக்கார முடியாது." உன் மனைவி ஸ்டெல்லா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் தலையாட்டினேன்.

எனக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? ஏர்கோன் கழுவுகிறவன், ஞாயிறுதோறும் பத்திரிகையில் நாலு பேரைக் கிண்டல் செய்து எழுதுகிறவன். பெர்மாஸ் ஜெயாவில் பக்கத்து வீட்டுக்காரனாக வந்து சேர்ந்த நீ, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காத்து அடிச்சா ஒரு பக்கம் தூக்கும். அந்தப் பக்கத்துல வைக்க ஒரு மூட்டை வேணும். வர்றியா?" என்று கேட்டாய். இப்படித்தான் நான் கடலோடி ஆனேன்.

உன் கிறுக்குக்குக் காரணம் சிகாமட் வெள்ளம் என்பாய். சின்ன வயதில் ஆறு வீட்டுக்குள் வந்தபோது, உன் அப்பா இரண்டு பீப்பாய்களைத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவே ஒரு கதவைக் கட்டி, உங்கள் எல்லோரையும் அதில் உட்கார வைத்தாராம். பக்கத்து வீட்டுச் சம்பான் படகு கவிழ்ந்தது. உங்கள் கதவு கவிழவில்லை. அன்றிலிருந்து ஒற்றைப் படகுக்காரர்களை ஒற்றைக்காலில் நிற்கிற கொக்குகளைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். கூட்டத்துக்குக் கூட்டம், "கேட்டமரான்ங்கிற பேரே நம்ம கட்டுமரந்தான் டத்தோ" என்று ஆரம்பிப்பாய். நான் மேசைக்கடியில் உன் காலை மிதிப்பேன். பொருளாளர் கறிபாப் பலகாரத்தைக் கடித்தபடி கண்ணை மூடிக்கொள்வார்.

சுல்தான் தந்த பட்டத்தாலேயே எல்லோரும் கூப்பிடுகிற டத்தோ நம் தமிழர்தான் என்றாலும் நம் பக்கம் இல்லை. சங்கத்தின் துணைத்தலைவர், பழைய ஒற்றைப் படகுச் சாம்பியன், காலர் வைத்த சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார். அவரை ஒரு நாள் நம் படகில் ஏற்றினாய். மொத்தக் கமிட்டியும் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றது. நான் வழக்கம்போல் மூட்டை.

நீ சுக்கானைப் பிடித்தாய்; முன்பாய்க் கயிறு டத்தோ கையில். காற்றுக்கு எதிராகத் திரும்பும்போது இரட்டைப் படகு சோம்பேறி. பழைய பக்கத்திலேயே முன்பாயைப் பிடித்து வைத்திருந்தால்தான் காற்று அதன் முதுகில் மோதிப் படகின் மூக்கைத் தள்ளிவிடும். டத்தோவுக்கு ஒற்றைப் படகுக் கை. மூக்கு அசைந்ததுமே கயிற்றை விட்டுவிட்டார். படகு காற்றைப் பார்த்தபடி அப்படியே நின்றது. கரையில் சிரிப்பு. சுக்கானை எதிர்ப்பக்கம் ஒடித்து, பின்னாலேயே நகர்த்தி, பொறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தாய்.

"படகு நல்லாத்தான் போவுது லா. ஆனா திரும்ப மாட்டுதே" என்றார் டத்தோ, கமிட்டிக்குக் கேட்கும்படி.

"காத்து கொஞ்சம் மாறிருச்சி டத்தோ" என்றாய் நீ.

அவர் கார் கிளம்பியதும் உன்மேல் பாய்ந்தேன். "அவரு முன்னாடியே விட்டுட்டாருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"இத்தன பேரு முன்னாடி சொன்னா அவரு மறுபடி இந்தப் படகுல கால வைப்பாராடா?"

அவர் கால் வைக்கவே இல்லை. அதற்குப்பிறகு எந்தத் தீர்மானம் வந்தாலும், "நானே ஏறிப் பாத்தேன், திரும்பல" என்கிற ஒரே வரியில் உன்னை உட்கார வைத்துவிடுவார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கேட்டாய், திரும்பல. மாநிலப் போட்டியில் ஒரே ஒரு பந்தயம் கேட்டாய், திரும்பல. உன் மரியாதை உன்னையே தின்றதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

இன்று காலைக் கூட்டத்தில் டத்தோ பேச எழுந்தார். இரட்டைப் படகுப் பிரிவை மூடிவிடலாம் என்றார். உன் நினைவாகப் பிள்ளைகளுக்கு ஒரு சுழற்கோப்பை வைக்கலாம் என்றார். ஒற்றைப் படகுப் பந்தயத்துக்கு. குரல்கூடத் தழுதழுத்தது, நடிப்பு இல்லை, அவருக்கு உன்னைப் பிடிக்கும். கோப்பைச் செய்தி ஸ்டெல்லாவுக்கு முன்பே போயிருந்தது. போன வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது, கண்ணாடி அலமாரியில் மாதா சிலையைக் கொஞ்சம் நகர்த்தி, கோப்பையின் படம் வைக்க இடம் பண்ணியிருந்தாள். உன் அடக்கத்துக்குப்பிறகு அவள் ஒரு பொருளை இடம் மாற்றி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

"அந்தப் படகு திரும்பாது. நானே ஏறிப் பாத்துட்டேன்" என்று டத்தோ முடித்தார்.

அன்று கயிற்றை விட்டது யார் என்று என் நாக்கு நுனியில் ஒரு வரி இருந்தது. நல்ல வரி. சொல்லியிருந்தால் பொருளாளரே விழித்திருப்பார். டத்தோ இஸ்திரிச் சட்டைக்குள் சுருங்கியிருப்பார். அந்த மாதிரி வரிகளில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

"டத்தோ, ஞாயித்துக்கெழம பெர்மாஸ் ஜெயாவுக்கு வாங்க. கயிறு உங்க கையிலயே இருக்கட்டும். திரும்பலன்னா மூடுறதுக்கு நானே கை தூக்குறேன்."

"சுக்கான் யாரு? நீங்களா?"

"நான்தான்."

"அலமாக்" என்று மலாயில் ஐயையோ போட்டார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது, கோப்பையும்தான்.

டயர் மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லா அழைத்தாள். "கோப்ப என்னாச்சிண்ணே?" சொன்னேன். "படகு இருந்தா என்ன, போனா என்னண்ணே. அவரு பேரு எங்கயாச்சும் இருக்கணும். அவ்ளோதான் நான் கேட்டேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நீயும் வா என்றேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டுப் பயனில்லை. நீ நீயாக இருந்ததால்தான் பிரிவு இந்த நிலைக்கு வந்தது. கோபப்படாதே, உன்னிடம் இல்லாமல் யாரிடம் சொல்வேன்?

என் பயம் வேறு. நாம் இருவரும் போன நாள்களில், படகு திரும்பும்போதெல்லாம் கயிறு என் கையில் இருக்கும். விடச்சொல்லி விரல்கள் துடிக்கும். பின்னாலிருந்து உன் குரல் வரும்: "விடாத. விடாத. இன்னும் விடாத. இப்ப." நான் பாயைப் பார்த்ததில்லை, காற்றைப் பார்த்ததில்லை; உன் குரலை மட்டும் கேட்டுக் கயிற்றை விட்டேன், ஒரு தடவையும் தப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை டத்தோவுக்கு நான் சொல்ல வேண்டும்.

கயிற்றைப் பின்பெட்டியில் போட மனம் வரவில்லை. பக்கத்து இருக்கையில் வைத்தேன். வாடை வீடுவரை கூடவே வந்தது. நெடுஞ்சாலை வளைகிற இடங்களிலெல்லாம் சொல்லிப் பழகினேன். "விடாதீங்க டத்தோ. விடாதீங்க. இன்னும் விடாதீங்க." அதுவரை உன் குரல் போலவே வருகிறது. அடுத்த சொல்லை எப்போது சொல்வது என்பதுதான், மச்சான், எனக்குத் தெரியவில்லை.